சீப்பும் எண்ணெயும்

 

மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதுடன், சுற்றுவட்டார ஜமாஅத்துகளின் நிகாஹ் மஜ்லிஸ்களில் பயான் செய்வதும் பல ஆண்டுகளாக நம் பணியாக இருந்து வருகிறது. கணவன் மனைவிக்கு இடையே அல்லாஹ் அன்பையும் கருணையையும் ஏற்படுத்தியிருப்பதைக் கூறும் சூரத்துர் ரூமின் இருபத்தோராவது வசனத்தை அம்மஜ்லிஸ்களில் நாம் எத்தனை முறை ஓதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. மவத்தத் என்றால் என்ன, ரஹ்மத் என்றால் என்ன என்று தஃப்ஸீர் நூல்களைப் பார்த்து விளக்கமும் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அவ்விரு சொற்களையும் கண்ணால் கண்டது சென்ற ஐப்பசியில்தான். மழைக்கு ஒதுங்கிய இருவரிடம் அவற்றைக் கண்டோம். அவர்கள் முஸ்லிம்களும் அல்லர்; தமிழரும் அல்லர். அவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

கணியம்பாடியை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பாகாயத்தையும் அடுக்கம்பாறையையும் கடந்தால் நமது ஊர் வரும். வேலூர் எனும்போது வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை நினைவுக்கு வரும். வணிகர்களுக்குத் தோல் நினைவுக்கு வரும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் ஆகிய இடங்களில் வாழும் இலட்சக்கணக்கானோருக்கோ வேலூர் என்றால் சி.எம்.சி. மருத்துவமனைதான். அம்மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப்பலகைகள் வங்க எழுத்தில் இருக்கும். மருத்துவத்திற்காக வந்தவர்கள் சிறு அறைகளை வாடகைக்கு எடுத்து, தாமே சமைத்துண்டு, வாரக்கணக்கில் தங்குவர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்ததும், மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு இரயில்கள் விடப்பட்டதும் நம் பகுதியினருக்கு நினைவிருக்கும். இத்தனை ஆண்டுகளாக அவர்களைப் பேருந்தில் பார்க்கிறோம். கையில் பெரிய பிளாஸ்டிக் உறையுடன் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நாம் நகர்ந்து இடம் கொடுப்போம். சில நாட்களில் அதுவும் கொடுப்பதில்லை.

அன்று வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் சபக் ஓதிக்கொண்டிருந்தனர். திடீரெனக் கொட்டிய மழையில் வாசற்பக்கமிருந்து ஒரு சிறுவன் ஓடிவந்து, "உஸ்தாத், இந்திக்காரங்க ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க" என்றான். சென்று பார்த்தோம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவருடைய மனைவியும் முற்றிலும் நனைந்து நின்றனர். பாகாயத்தில் இறங்க வேண்டியவர்கள், அசதியில் உறங்கிவிட்டார்கள். நடத்துனர் நமது ஊரில் எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறார். திரும்பும் பேருந்துக்குக் காத்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு இந்தி அரைகுறை. நமக்கு உருது அரைகுறை. அவ்வளவில் பேசிக்கொண்டோம்.

அவ்வம்மையாரின் இடக்கையில் வெண்சங்கு வளையல் இருந்தது. மனிதரைக் கண்டதும் மதத்தைத் தேடுகிற பழக்கம் நம் கண்களுக்கும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. வலக்கையில் வளையல் எதுவும் இல்லை. அந்தக் கை மணிக்கட்டிலிருந்து தோள்வரை வீங்கியிருந்தது. தோல் நிறத்தில் இறுக்கமான உறை ஒன்றை அணிந்திருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்குக் கை இவ்வாறு வீங்குவதுண்டு என்று செவிலியராகப் பணிபுரியும் ஒரு சகோதரி பின்னர் நமக்கு விளக்கினார்.

திண்ணையில் அமரச் செய்து, வீட்டிற்குச் சொல்லியனுப்பினோம். நம் வீடு மதரஸாவை ஒட்டியே உள்ளது. நம் துணைவியார் ஒரு துண்டும் தேநீரும் அனுப்பினார். பிள்ளைகள் மறுபடியும் ஓத ஆரம்பித்தனர். ஆனால் எவருடைய கண்ணும் கிதாபில் இல்லை.

அவர் முதலில் துண்டை வாங்கி மனைவியின் தலையைத் துவட்டினார். பின்பு தம் பையிலிருந்து ஒரு சீப்பையும், சிறு புட்டியில் தேங்காய் எண்ணெயையும் எடுத்தார். நாம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டோம். அந்நியப் பெண்ணின் கூந்தலைப் பார்ப்பது நமக்கு முறையன்று. ஆனால் அந்த மனிதரின் கைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. அம்மையார் இடக்கையால் தொட்டுப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வழியில் போகிறவர் வருகிறவர் பார்க்க, ஓர் ஆண் தன் மனைவிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்! பையன்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். உண்மையைச் சொல்வதானால், நமக்கும் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. யாருக்காகக் கூசினோம் என்பது அப்போது விளங்கவில்லை.

ஒன்பது வயதான நம் இளைய மகளும் அந்தக் கூட்டத்தில் ஓதிக்கொண்டிருந்தாள். மக்தபில் நம்மை உஸ்தாத் என்றே அழைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அன்று அவள் அதை மறந்து, "அத்தா, அவருக்குப் பின்னவே தெரியல. நான் பின்னி விடட்டுமா?" என்று எழுந்தாள். நாம் அதை அவரிடம் சொன்னோம். அவர் அவள் தலையை வருடிவிட்டு, வேண்டாம் என்பதுபோல் புன்னகைத்தார். சீப்பைக் கொடுக்கவில்லை.

சிறிது நேரம் சென்று அவரே காரணம் சொன்னார். மருந்து ஏற்றியபோது அம்மையாரின் தலைமுடி முழுவதும் உதிர்ந்துவிட்டதாம். மீண்டும் முளைத்து, பின்னுகிற அளவுக்கு வளர்ந்தது இந்த ஆண்டுதான். வலக்கையை உயர்த்த முடியாததால் அவரால் தாமே பின்னிக்கொள்ள இயலவில்லை. "முப்பது வருடம் இவள் தினமும் காலையில் தலை பின்னினாள். எப்படிப் பின்னுகிறாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்" என்றார். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கடைக்கணக்கு எழுதுபவர் கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார். ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுவதுதான் அவருடைய தொழில் என்று பேச்சினூடே தெரிந்தது.

மழை விட்டது. சாலையைக் கடந்து சென்று பேருந்தில் ஏற்றிவிட்டோம். பாகாயத்தில் மறக்காமல் இறக்கிவிடும்படி நடத்துனரிடம் சொன்னோம். இவை எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் இருக்கும்.

இரவு உணவுக்குப் பின் நம் துணைவியார் கேட்டார்: "அந்தம்மாவுக்கு வலது கையா முடியல?"

ஆம் என்றோம். அவர் கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ரெண்டு மாசமா வலது தோளைத் தூக்க முடியலைங்க. பாப்பாவுக்குத் தலை பின்னும்போது உயிர் போகுது. நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நாம் கவனிக்கவில்லை. இரண்டு மாதங்கள், ஒரே வீட்டில், ஒரே உணவை உண்டு, ஒரே குர்ஆனை ஓதி வாழ்ந்தும் கவனிக்கவில்லை. அவ்விரண்டு மாதங்களில் குறைந்தது நான்கு நிகாஹ் மஜ்லிஸ்களில் மவத்தத்தையும் ரஹ்மத்தையும் பற்றிப் பேசிவிட்டு வந்திருப்போம்.

அன்றிரவு உறக்கம் வராமல் கிதாபுகளைப் புரட்டியபோது, நாம் மாணவராக இருந்த காலத்தில் ஓதிய ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஷாஃபிஈ மத்ஹபின் மிக முக்கியமான சட்டநூல்களில் ஒன்று. மனைவிக்குக் கணவன் கொடுக்க வேண்டிய செலவினங்களை விவரிக்கும் பாடத்தில் உணவு, உடை, இருப்பிடத்தோடு சீப்பும் எண்ணெயும் கணவனின் கடமை என்று இமாமவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளத் தேவையான பொருட்கள் என்ற வகையில் அவை அங்கே இடம்பெறுகின்றன. அதே இடத்தில், நோய்க்கான மருந்தும் மருத்துவரின் கூலியும் கணவனின் கட்டாயக் கடமையில் சேரா என்றும் எழுதப்பட்டுள்ளது. இது ஷாஃபிஈ மத்ஹபில் மட்டும் உள்ள கருத்தன்று. முற்கால ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கருதினர். மருத்துவம் அன்று அன்றாடத் தேவையாக இல்லை, அபூர்வமாக வருவதாக இருந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். நம் காலத்து ஃபிக்ஹ் அறிஞர்களில் சிரியாவைச் சேர்ந்த வஹ்பா ஸுஹைலி (ரஹ்) போன்றோர், இன்று மருத்துவம் உணவைப் போலவே இன்றியமையாததாகிவிட்டதால் மனைவியின் சிகிச்சைச் செலவும் கணவன்மீது கடமையே என்று தெளிவாக எழுதியுள்ளனர். நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. உடல்நலத்தோடு இருக்கும்போது அவளிடம் இன்பம் பெற்றவன், நோயுற்றதும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லுறவு ஆகாது என்பதை விளங்கிக்கொள்ள ஆலிமாக இருக்க வேண்டியதில்லை.

இந்த மஸ்அலாவை நாம் பரீட்சைக்காகப் படித்தோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். சீப்பு யார் வாங்கித் தர வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். அந்தச் சீப்பைக் கையில் எடுத்த ஒருவரைக் காண்பதற்கு மட்டும் மழை பெய்ய வேண்டியிருந்தது.

இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, தம் தலையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைப்பக்கமாக நீட்டுவார்கள். அன்னையவர்கள் மாதவிடாய் நிலையில் இருந்தபோதும் அறைக்குள் இருந்தபடியே அவர்களின் தலையை வாரிவிடுவார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. இதை நாம் மாணவர்களுக்கு எப்படி நடத்துகிறோம்? மாதவிடாய்ப் பெண் தொட்டால் அசுத்தம் ஏற்படாது என்பது முதல் சட்டம். தலையை மட்டும் வெளியே நீட்டினால் இஃதிகாஃப் முறியாது என்பது இரண்டாவது சட்டம். அத்துடன் பாடம் முடிந்துவிடும். உலகிற்கு அருட்கொடையாக வந்தவர், ரமளானின் கடைசிப் பத்தில், இறைவனுக்காகவே ஒதுங்கியிருந்த அந்நாட்களிலும், தம் மனைவியின் கைக்குத் தம் தலையைக் கொடுத்தார்கள் என்பது நம் பாடத்தில் எங்கும் வருவதில்லை. சட்டத்தை எடுத்துக்கொண்டோம். அந்த வாசற்படியில் இருந்த அன்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

வேலூர்ப் பகுதியில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. மேலே குறிப்பிட்ட மருத்துவமனை பிறந்ததே முன்பின் அறியாத மூன்று கணவன்மார்களால்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் மருத்துவர்களின் குடும்பம். 1890களில், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஓர் இரவில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார் ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து உதவ வேண்டும் என்றார். தாம் மருத்துவர் அல்லர், தம் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதா என்று மறுத்துத் திரும்பிவிட்டார் அவர். அதே இரவில் இரண்டாவதாக ஒருவர் வந்தார்; மூன்றாவதாக ஒருவரும் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அந்த விடியலில்தான் ஐடா மருத்துவம் படிப்பதென்று முடிவு செய்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். நமது கணியம்பாடி ஒன்றியத்தின் சிற்றூர்களுக்கு, அந்நிறுவனத்தின் சமுதாய நலப் பிரிவிலிருந்து செவிலியர்கள் பல பத்தாண்டுகளாக வந்து கொண்டிருக்கின்றனர். நம் உறவுப் பெண்களில் பலர் பிள்ளை பெற்றது பாகாயத்தில்தான்.

அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் சொல்வோர் ஐடா அம்மையாரின் தியாகத்தைச் சொல்வார்கள், அது சொல்லத்தக்கதே. அவர் கிறிஸ்தவர் என்பதால் நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மனம் அந்த முஸ்லிம் சகோதரரைச் சுற்றியே வருகிறது. அவர் தம் மனைவியை நேசிக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். நேசித்திருக்காவிட்டால் நள்ளிரவில் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார். அவரிடம் அன்பு இருந்தது. அது வாசல்வரை வந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் அதற்கு மேல் ஓரடிகூட எடுத்து வைக்க அதை விடவில்லை. மார்க்கம் தடுத்தது என்று அவர் எண்ணியிருக்கலாம். மார்க்கம் தடுக்கவில்லை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டவற்றை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம் என்பதில் நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் இடம் தந்திருக்கின்றனர். நபி (ஸல்) அவர்களுடன் போருக்குச் சென்று, காயமுற்ற ஆண்களுக்குச் சிகிச்சை செய்ததை ருபைய்யிஃ பின்த் முஅவ்விஃத் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். அந்தச் சகோதரரின் ஊரில் இதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் ஒரு மதரஸா ஆசிரியர்தான். அதாவது, நம்மைப் போன்ற ஒருவர்.

நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இன்று எவரும் மறுப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கூச்சம் மட்டும் வேறு உருவில் நம் வீடுகளில் வசித்துக்கொண்டிருக்கிறது. நம் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என எங்கு பார்த்தாலும் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறவள், பகல் முழுதும் மெஷினில் மேல்தோலைத் தைத்துவிட்டு வந்து மறுபடியும் அடுப்பருகே நிற்கிறாள். அதே நேரத்தில் வேலையிலிருந்து வந்த கணவர் தேநீருக்காகக் காத்திருக்கிறார். தாமே போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியாமல் இல்லை. அண்டை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மனைவிக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு அவளுடைய அம்மாவோ அண்ணனோ உடன் செல்வார். கணவர் வாசலில் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவள் மரணச் செய்தியை அறிவிக்கும்போதும் அவளுக்குப் பெயர் இருப்பதில்லை. இன்னாரின் மனைவி மௌத்தாகிவிட்டார் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மக்களில் உங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று அம்ர் இப்னு ஆஸ் (ரலி) கேட்டபோது, நபியவர்கள் சற்றும் தயங்காமல் ஆயிஷா என்று பெயர் சொல்லிப் பதிலளித்தார்கள். கேட்டவர் ஒரு படைத்தலைவர்.

வளைகுடாவில் பதினைந்து ஆண்டுகள் வெயிலில் நின்று மாதந்தோறும் பணம் அனுப்பும் கணவரின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தோல் பதனிடும் தொட்டியில் நாள் முழுதும் நின்று, கை வெடித்து வீடு வருபவரின் களைப்பும் நமக்குத் தெரியும். சம்பாதித்துக் கொடுப்பதும் அன்புதான். ஆனால் அது ஒன்றே அன்பு என்று ஆகிவிட்டபோது, நோயுற்ற மனைவியின் பக்கத்தில் அமர்வது வேலையற்றவன் வேலை என்றாகிவிட்டது.

பத்ருப் போரை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு. முந்நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே இருந்த படை. ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட நாள். அந்நாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் களத்தில் இல்லை. அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். உடனிருந்து கவனிக்கும்படி நபியவர்களே உஸ்மானை மதீனாவில் நிறுத்தினார்கள். பத்ரில் பங்கேற்றவருக்குரிய நற்கூலியும், போர்ப்பொருளில் பங்கும் உமக்கு உண்டு என்றும் கூறினார்கள். பிற்காலத்தில் ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வந்து, உஸ்மான் பத்ருக்கு வரவில்லையே என்று குறையாகக் கேட்டபோது, அவர்கள் இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். குறை சொல்லும் அந்த வாய் எல்லாக் காலத்திலும் இருக்கிறது என்பதற்கும் இது சான்று. ருகையா (ரலி) பிழைக்கவில்லை. வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் அவர்களின் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. பத்ரைப் பற்றி ஒவ்வொரு ரமளானிலும் பதினேழாம் இரவில் நாம் பேசுகிறோம். மனைவியின் படுக்கையருகே இருந்த அந்த பத்ரு வீரரைப் பற்றி நாம் பேசி எவரேனும் கேட்டதுண்டா? நாம் பேசியதில்லை.

இந்த நிகழ்ச்சியை ஒரு நண்பரிடம் சொன்னபோது, நீங்கள் போயும் போயும் ஒரு மாற்றுமதத்தவரிடமா இல்லறம் கற்றீர்கள் என்று கேட்டார். அவர் ஆலிம், நல்ல மனிதர். ஞானம் முஃமினின் தொலைந்த பொருள், கண்ட இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் வரும் ஹதீஸை அவருக்கு நினைவூட்டினோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்றார். அதுவும் உண்மைதான். அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

தோளின் கதை இது: மறுவாரமே துணைவியாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வாசலில் நிற்காமல் உள்ளேயும் சென்றோம். தோள்பட்டை மூட்டு இறுகிப் போயிருக்கிறது, பயிற்சி செய்தால் நாளாவட்டத்தில் சரியாகும் என்றார் மருத்துவர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருவதுண்டு என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எவ்வளவு நாட்களாக இருந்ததோ, அல்லாஹ் அறிவான். நன்றாகப் பசிக்கிறது, அடிக்கடி தாகமெடுக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சுவரில் விரல்களை ஊன்றிக் கையை மெல்ல மெல்ல உயர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்கிறார். எதுவரை எட்டினார் என்று நாம் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறோம். சென்ற வெள்ளிக்கிழமை கோடு தலைக்கு மேலே சென்றது.

அதுவரை மகளுக்குத் தலை பின்னுவது நம் பொறுப்பாயிற்று. ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் ஓதி முடித்ததும் அவள் சீப்பையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் அமர்ந்துவிடுவாள். மூன்று புரிகளையும் எதன்மேல் எது வர வேண்டும் என்பதே முதல் வாரம் விளங்கவில்லை. துணைவியார் கட்டிலில் அமர்ந்தபடி, "இடது பக்கத்தை இறுக்கிப் புடிங்க, இல்லன்னா கோணிக்கும்" என்று சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் பால்காரர் வாசலில் வந்து நின்றார். எழுந்து உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மகள் திரும்பிப் பார்த்து, "அத்தா, விட்டுடாதீங்க, அவுந்துரும்" என்றாள். புரிகளைப் பிடித்தபடியே பால் செம்பை எங்கே வைப்பது என்று அவருக்குச் சொன்னோம். அன்றைய பின்னலும் கோணல்தான். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நேற்றைவிடப் பரவாயில்லை என்று சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூட வேனுக்கு ஓடினாள்.